தாயைப் போல பிள்ளையா? எரிபந்தம் கண்ட வயலும் விதைநெல்லின் பெற்றோரும்

தென்மராட்சியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவரை இழந்த பின்னர் இருபது பரப்பு வயலையும் வீட்டோடு சேர்ந்த தோட்டக் காணியையும் மகனின் துணையோடு தாமே செய்து வருகிறார். கடந்த காலபோகத்தில் வயலின் ஒரு பாதியில், மாமியார் காலத்திலிருந்து கைமாறி வரும் மொட்டைக்கறுப்பனை விதைத்தார். மறுபாதியில், கடையில் பையாக வாங்கிய குட்டையான வெள்ளையரிசி வர்க்கம் ஒன்றை விதைத்தார். மார்கழி மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கிய நாட்களில் புதிய வர்க்கத்தின் கதிர்க்கழுத்துகள் கறுத்து மடிந்தன. கதிர்கள் வெளிறிப் பதராகின. விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்து, பங்கசால் வரும் எரிபந்த நோய் என்று உறுதிப்படுத்தினார். இரண்டு வாரம் பிந்திக் கதிர் தள்ளிய மொட்டைக்கறுப்பன் பெரும்பாலும் தப்பிவிட்டது. நோய் கண்ட பாதியிலும் சுத்தமாக நின்ற ஏறத்தாழ நாற்பது கதிர்களை அவர் தனியே அறுத்து ஓலைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. அந்த நாற்பது கதிர்களின் நெல்லை விதைத்தால் நோய் எதிர்க்கும் பயிர் கிடைக்குமா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகன் இரு வர்க்கங்களையும் கலக்க விரும்புகிறான், மாமியாரோ “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்று சொல்லி மொட்டைக்கறுப்பனைத்தான் தாயாக வைக்க வேண்டும் என்கிறார், அது சரியா? தோட்டத்தில் கலப்பினச் சோளத்தின் பொத்திகளிலிருந்து எடுத்து வைத்த விதையை மறுவருடம் போட்டபோது பொத்திகளில் பூஞ்சணம் பிடித்ததே, அது ஏன்? விதை விற்ற கடையிடம் நட்டஈடு கேட்க இடமுண்டா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அழிந்த வயலின் நடுவே நின்றுகொண்டு சுத்தமான கதிர்களைத் தனியே அறுத்து வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல வர்க்கங்களைத் தெரிந்தெடுத்த நம் முன்னோரும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆயினும் அந்தப் பெட்டியின்மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டியவனாக இருக்கிறேன். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருக்கிறது: ஒரு தானிய மணிக்கு அதன் பெற்றோர் எதைக் கொடுக்கிறார்கள்? இரு பெற்றோரும் சமமாகக் கொடுக்கும் பரம்பரையலகுகள் உண்டு. உயிரணுவில் கருவைச் சூழ்ந்திருக்கும், தாய் மட்டும் கொடுக்கும் குழியவுரு உண்டு. தாயின் உடலாலேயே ஆன மேலுறை உண்டு. நோயுற்ற தாயிடமிருந்து மணியோடு ஒட்டிக்கொண்டு வரும் பங்கசும் உண்டு. இந்த நான்கையும் “பெற்றோர் வழி வந்தது” என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. உங்கள் வீட்டில் நடந்த விவாதத்திலும் மாமியார் ஒன்றைப் பற்றியும் மகன் இன்னொன்றைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த நாற்பது கதிர்கள்

நெல் தன்மகரந்தச் சேர்க்கை உடைய பயிர். பூ விரியும் வேளையிலேயே தன் மகரந்தம் தன் குறியில் விழுந்துவிடுகிறது. பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்து சேருவது சாதாரணமாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே நீங்கள் அறுத்து வைத்த கதிர்களைப் பொறுத்தவரை தாயும் தந்தையும் ஒரே செடிதான். விவசாயத் திணைக்கள வழியில் வெளிவரும் புதிய வர்க்கம் பல தலைமுறைகள் தனித்துப் பெருக்கப்பட்டு, செடிக்குச் செடி பரம்பரையில் ஏறக்குறைய ஒன்றாக்கப்பட்டது. அப்படிப்பட்ட தூய வழியினுள் பெரியதையோ நல்லதையோ தெரிந்தெடுத்து விதைப்பதால் அடுத்த தலைமுறை மாறுவதில்லை என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஜொகான்சன் 1903ஆம் ஆண்டிலேயே அவரை விதைகளைக் கொண்டு காட்டினார். பெரிய விதையின் பிள்ளையும் சிறிய விதையின் பிள்ளையும், ஒரே தூய வழியைச் சேர்ந்தவையாயின், சராசரியில் ஒன்றாகவே இருந்தன. பெற்றோரிடம் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு மண்ணும் நீரும் தந்தது, பரம்பரையில் எழுதப்பட்டதன்று.

அப்படியானால் அந்தக் கதிர்கள் ஏன் தப்பின? எரிபந்தப் பங்கசைப் பரப்பும் நுண்ணிய வித்தி காற்றில் வந்து இலையிலோ கதிர்க்கழுத்திலோ விழுந்து முளைக்க, அந்த இடம் பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். முளைத்த வித்தி ஒரு சிறு குமிழை உருவாக்கி, அதற்குள் ஏறத்தாழ 80 வளிமண்டல அழுத்தத்தைத் திரட்டி, செடியின் மேற்றோலை ஊசிபோலக் குத்தித் திறக்கிறது. கார்ச் சில்லில் நாம் அடிக்கும் காற்றைவிட அது நாற்பது மடங்கு. இவ்வளவு வலிமையுள்ள பங்கசும் ஈரம் உலர்ந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாமல் போகிறது. வரம்போரத்தில் காற்றடித்துப் பனி விரைவாக உலர்ந்த செடி தப்பியிருக்கலாம். யூரியா கை தவறிக் குறைவாக விழுந்த இடத்துச் செடி தப்பியிருக்கலாம். பிந்தி வெடித்த பக்கக்கிளையில் கதிர் வந்து, ஈரமான நாட்களைக் கடந்திருக்கலாம். இவை எல்லாம் தப்புதல். எதிர்ப்புத் திறன் அல்ல. உங்கள் மொட்டைக்கறுப்பனும் இரண்டு வாரம் பிந்திக் கதிர் தள்ளியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஒரே பருவத்தைக் கொண்டு “நம் நெல்லுக்கு எரிபந்தம் வராது” என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. விதைப் பையில் வேறொரு வர்க்கத்தின் நெல் கலந்திருக்கலாம். முன்னொரு பருவத்தில் அயல் மகரந்தம் விழுந்து, நீங்கள் அறியாமலே ஒரு கலப்பு உருவாகியிருக்கலாம். அந்த நாற்பதில் ஒன்றோ இரண்டோ அப்படிப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதற்காகவே பெட்டியைக் கொட்டிவிட வேண்டாம் என்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து விதைத்தால், உண்மையான எதிர்ப்பு எங்கே இருந்தது என்பதை இனி ஒருபோதும் அறிய முடியாது. ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே உதிர்த்து, ஒரு கதிருக்கு ஒரு வரிசையாக விதையுங்கள். சில வரிசைகளுக்கு ஒருமுறை, நோய் பிடித்த அதே வர்க்கத்தின் சாதாரண நெல்லை ஒரு வரிசை போடுங்கள். அந்தச் சாட்சி வரிசை நோயில் வாடும்போது பக்கத்து வரிசை முழுவதும் சுத்தமாக நின்றால் மட்டுமே ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். சாட்சி வரிசைக்கே நோய் வராத வருடத்தில் எல்லா வரிசைகளும் நன்றாகத்தான் இருக்கும். அந்த வருடச் சோதனைக்குப் பொருளில்லை.

இதைவிட நல்ல வேட்டை உங்கள் வயலின் மறுபாதியிலேயே இருக்கிறது. தலைமுறைகளாகக் கமக்காரரின் கையில் நின்ற மொட்டைக்கறுப்பன் போன்ற வர்க்கங்கள் தூய வழிகள் அல்ல. வெளிக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே பல வழிகள் கலந்து நிற்கும். ஜொகான்சன் சொன்ன தடை அங்கே இல்லை. தெரிந்தெடுத்தால் பலன் வரும். இலங்கையில் முருங்கைக்காயன் என்ற பாரம்பரிய நெல்லிலிருந்து அப்படித் தெரிந்தெடுக்கப்பட்ட வழிதான் முருங்கைக்காயன் 302. அதை இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லோடு கலந்து 1958இல் எச் 4 வெளியிடப்பட்டது. எரிபந்தத்தைத் தாங்கும் நெல் என்ற பெயரோடு அது நாடெங்கும் பரவியது. உங்கள் மாமியாரின் வயதினர் எச் 4 நெல்லை நன்றாக அறிவார்கள், கேட்டுப் பாருங்கள்.

யாரைத் தாயாக வைப்பது

இனி மகனின் விருப்பத்துக்கு வருகிறேன். நோய் எதிர்ப்பும் பரம்பரை விதிகளுக்கு உட்பட்டது என்பதை முதன்முதலில் காட்டியவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ரோலண்ட் பிஃபன். 1905இல், கோதுமையின் மஞ்சள் துரு நோயை எதிர்க்கும் வர்க்கத்தையும் எதிர்க்காத வர்க்கத்தையும் அவர் கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் நோய் கண்டது. இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு எதிர்த்து நின்றது. அவருடைய கலப்பில் எதிர்ப்புத் திறன் பின்னிடைவாக, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவதாக, இருந்தது என்பதைக் கவனியுங்கள். முதல் தலைமுறையைப் பார்த்துவிட்டு மனமுடைந்து எறிந்திருந்தால் கண்டுபிடிப்பே இல்லை.

நெல்லில் எரிபந்தத்துக்கு எதிரான பரம்பரையலகுகள் நூற்றுக்கு மேல் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆட்சியானவை. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். சில அப்படியல்ல. யப்பானிய மேட்டுநில நெல்லில் இருக்கும் பிஐ 21 என்பது பின்னிடைவானது. 2009இல் விளக்கப்பட்ட அந்தப் பரம்பரையலகு நோயை முற்றாகத் தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் மட்டுமே அது வேலை செய்யும். இவை எல்லாம் உயிரணுவின் கருவிலுள்ள நிறமூர்த்தங்களில் இருக்கின்றன. நிறமூர்த்தங்களைத் தாயும் தந்தையும் சரிபாதியாகத்தான் கொடுக்கிறார்கள். எனவே மொட்டைக்கறுப்பனிடம் அத்தகைய எதிர்ப்பு இருந்தால், அது தாயாக நின்றாலும் தந்தையாக நின்றாலும் பிள்ளைக்கு வந்து சேரும். இந்த விடயத்தில் மாமியாரின் பழமொழியைச் சற்று ஒதுக்கி வைக்கலாம்.

நான் அதற்கு மறுதலையாகவே ஆலோசனை சொல்வேன்: குட்டையான புதிய வர்க்கத்தைத் தாயாக்குங்கள்; மொட்டைக்கறுப்பனைத் தந்தையாக்குங்கள். இதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. கலப்பு உண்மையில் நடந்ததா என்பதை அறியும் வழி இது. கை பழகாதவர் நெற்பூவைக் கலக்கும்போது தாயின் சொந்த மகரந்தம் தப்பி விழுந்து ஏமாற்றுவது மிகச் சாதாரணம். 1966இல் வெளிவந்த ஐஆர் 8 முதலாகப் பரவிய குட்டைத்தன்மை பின்னிடைவானது. குட்டைத் தாயின் விதை நெட்டையாக வளர்ந்தால் தந்தையின் மகரந்தம் சேர்ந்திருக்கிறது. குட்டையாகவே வளர்ந்தால் அது தாயின் தன்சேர்க்கை. மொட்டைக்கறுப்பனைத் தாயாக வைத்தால் இரண்டு நிலையிலும் நெட்டைச் செடிதான் வரும். மகன் ஒரு வருடம் வீணாகக் காத்திருப்பான்.

கலக்கும் முறை மகனுக்காக: அடுத்த நாள் விரியவிருக்கும் பூக்களை மாலையில் தெரிந்து, உமியின் மேல் மூன்றிலொரு பகுதியைக் கத்தரியால் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தக்கூடுகளையும் நுண்ணிடுக்கியால் எடுத்துவிட வேண்டும். கதிரை எண்ணெய்த்தாள் உறையால் மூடி, அடுத்த நாள் முற்பகலில் தந்தைக் கதிர் பூத்து மகரந்தம் தூவும் வேளையில் அதை உறைக்குள் உதறி, மீண்டும் மூட வேண்டும். வெட்டிய உமியோடு முதிரும் நெல்தான் கலப்பு விதை. நூறு பூவில் முப்பது பிடித்தாலே மகிழ்ச்சி அடையலாம். இரு வர்க்கங்களும் ஒரே வேளையில் பூக்க வேண்டும் என்பதால், தந்தையை இரண்டு வாரம் முந்தி விதைப்பதோடு, தாயையும் சில நாள் இடைவெளியில் மூன்று தடவையாகச் சட்டிகளில் விதைத்து வையுங்கள்.

அதன் பின்னர் பொறுமை தேவை. ஒவ்வொரு தன்சேர்க்கையிலும் கலப்புத்தன்மை பாதியாகக் குறைகிறது. இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதமாக இருப்பது ஆறாம் தலைமுறையில் 3 சதவீதமளவில் வந்து நிற்கும். வானம் பார்த்த நம் வயல்களில் ஆண்டுக்கு ஒரு போகம் என்பதால் இது ஆறு, ஏழு வருட வேலை. கிணற்றுநீர் இறைத்துத் தோட்டத்தில் இடைப்போகமாகச் சில வரிசைகளை வளர்த்தால் காலம் குறையும். இடையில் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகிப் பேசுங்கள் என்று மகனிடம் சொல்லுங்கள். உயர்தர மாணவன் ஒருவன் தன் வயலின் பதிவேட்டோடு வந்து நின்றால் எந்த ஆராய்ச்சியாளருக்கும் அது மகிழ்ச்சியான நாள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே ஒரு பரம்பரையலகை நம்பிய எதிர்ப்பு நிலைப்பதில்லை. செடியின் ஒவ்வோர் எதிர்ப்பு அலகுக்கும் நோய்க்கிருமியிடம் அதற்கு ஒத்த அலகு ஒன்று உண்டு என்பதை அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஹரோல்ட் ஃப்ளோர் ஆளிச் செடியின் துரு நோயில் கண்டறிந்தார். கிருமி தன் பக்கத்து அலகை மாற்றிக்கொண்டால் செடியின் எதிர்ப்பு ஓரிரு போகத்தில் பயனற்றுப் போகிறது. எரிபந்தப் பங்கசு அந்த மாற்றத்தில் கைதேர்ந்தது. சில வருடங்களுக்கு முன் தாங்கி நின்ற வர்க்கம் இப்போது ஏன் விழுகிறது என்று பலர் கேட்பதற்கு ஒரு காரணம் இதுவே. ஆகவே துளியும் நோயில்லாத செடியை மட்டும் தேடாமல், புள்ளிகள் சிலவாகவும் சிறிதாகவும் நின்று நெல்மணி நிறைந்த செடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் எதிர்ப்பு பல சிறு அலகுகளின் கூட்டாக இருக்க வாய்ப்புண்டு.

பெற்றோர் இருவரும் திறமையற்றவராயினும் பிள்ளை திறமையுள்ளதாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கோதுமைக் கதிரைத் தாக்கும் பியூசேரியம் நோய்க்கு உலகம் முழுவதும் எதிர்ப்பு மூலமாகப் பயன்படும் சீன வர்க்கம் சுமை 3. இத்தாலிய வர்க்கமான ஃபூனோவும் தாய்வான் சியோமாயும் அதன் பெற்றோர். இரண்டுமே அந்த நோய்க்கு ஓரளவு இலக்காகக் கூடியவை.

தாய் மட்டும் கொடுப்பது

மாமியாரின் சொல்லுக்கும் இடமுண்டு. ஒரு நெல்மணியின் உமியும், உமிக்குள் தவிடாக உரியும் சுற்றுக்கனியமும் தாய்ச்செடியின் உடல். தந்தைக்கு அதில் பங்கில்லை. உள்ளே இருக்கும் மாவுப் பகுதியில், அதாவது வித்தகவிழையத்தில், தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. முளையத்தில் மட்டுமே இருவரும் சமம். சிவப்பு அரிசியின் சிவப்பு தவிட்டில்தான் இருக்கிறது. ஆகவே வெள்ளையரிசித் தாயில் மொட்டைக்கறுப்பனின் மகரந்தம் விழுந்து பிறந்த மணியும் வெள்ளையாகவே இருக்கும். அதை விதைத்து வளர்ந்த செடியின் மணிகள் எல்லாம் சிவக்கும். மகன் தன் கலப்பில் இதைக் கண்ணாலேயே காணலாம்; நெட்டைத்தன்மையோடு இது இரண்டாவது அடையாளமும் ஆகும்.

பங்கசு முதலில் மோதுவது இந்த மேலுறையோடுதான். இறுங்கு என்ற தானியத்தில் இது மிகத் தெளிவு. முதிரும் காலத்தில் மழை பெய்தால் இறுங்குக் கதிரில் பூஞ்சணம் ஏறி மணிகள் கறுத்துப்போகும். மணியின் தோலுக்குள் தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த நிறப்படை இருந்தால் அது பெரிதும் தடுக்கப்படுகிறது. அந்தப் படை உருவாக இரண்டு ஆட்சியான பரம்பரையலகுகள் ஒருசேர வேண்டும். ஒன்று தாயிடமும் மற்றது தந்தையிடமும் தனித்தனியே இருந்தால் இரு பெற்றோரின் மணியிலும் படை இராது. கலப்புச் செடி தரும் மணிகளில் இருக்கும். அதே தனின் மணிக்குத் துவர்ப்பைக் கொடுத்து, உண்ணும் தரத்தைக் குறைக்கிறது என்பது இதன் விலை.

மேலுறை போலவே குழியவுருவும், அதிலிருந்து உயிரணுவுக்குச் சக்தி தரும் இழைமணிகளும் தாய் வழியாகவே வருகின்றன. இதை மறந்ததன் விளைவை அமெரிக்கா 1970இல் அனுபவித்தது. கலப்பினச் சோள விதை உற்பத்தியில் ஆண் பூந்துணர்களைக் கையால் பிடுங்கும் செலவைத் தவிர்க்க, மகரந்தம் உண்டாகாத டெக்சாஸ் குழியவுருவைத் தாய் வழியாகப் புகுத்தியிருந்தார்கள். அந்நாட்டுச் சோளத்தில் ஐந்தில் நான்குக்கு மேல் அந்த ஒரே தாய்வழியைக் கொண்டிருந்தது. அந்தக் குழியவுரு இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இரையாகிறது என்று பிலிப்பைன்சில் 1961இலேயே எச்சரித்திருந்தார்கள். இழைமணியிலுள்ள ஓர் அலகு ஆக்கும் புரதம், பங்கசு சுரக்கும் நஞ்சுக்குக் கதவைத் திறந்துவிட்டது. தந்தை எவ்வளவு திறமுள்ளதாயினும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. அவ்வாண்டு அந்நாட்டுச் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் அழிந்தது. தாயைப் போலப் பிள்ளையானதால் வந்த கேடு இது. நெல்லின் எரிபந்தத்தில் இப்படித் தாய்வழிக் குழியவுரு தனியே முடிவு செய்யும் நிலைமை இல்லை.

தந்தையின் பங்கு வேறொரு விதமாகவும் தெரிவதுண்டு. இறுங்கில் தேன்போல ஒழுகும் நோய் ஒன்று உண்டு. அதன் பங்கசு பூவின் குறி வழியாகச் சூலகத்துள் நுழைகிறது. மகரந்தம் விரைவாக வந்து கருக்கட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும். மகரந்தம் பிந்தினால் பங்கசு முந்திக்கொள்ளும். மகரந்தமற்ற தாய்களை வைத்து விதை ஆக்கும் வயல்களில் அந்நோய் கடுமையாவது இதனால்தான்.

சோளமும் கடைக்காரரும்

கலப்பினச் சோளத்தின் பொத்தியிலிருந்து எடுத்த விதை அந்தக் கலப்பினமே அல்ல. கம்பனி இரண்டு தூய வழிகளைக் கலந்து முதல் தலைமுறையை விற்கிறது. நீங்கள் விதைத்தது இரண்டாம் தலைமுறை. அதில் பாட்டன் பாட்டியின் பண்புகள் பிரிந்து சிதறி வரும். மடல் பொத்தியை இறுக மூடும் தன்மை, மணித்தோலின் தடிப்பு, கதிர் அழுகலைத் தாங்கும் திறன் எல்லாம் செடிக்குச் செடி வேறுபடும். நெல்லைப் போலன்றிச் சோளம் அயல்மகரந்தத்தால் கருக்கட்டுவது; அயலவர் தோட்டத்துச் சோளமும் உங்கள் பொத்திக்குத் தந்தையாகியிருக்கும். ஒரே பொத்தியில் மஞ்சளும் வெள்ளையுமாக மணிகள் கலந்து வந்திருந்தால் அதுவே சாட்சி. இதில் விதை விற்றவர்மீது குறை சொல்ல இடமில்லை. கலப்பினம் வேண்டுமானால் ஒவ்வொரு போகமும் புதிதாக வாங்க வேண்டும். விதை எடுத்து வைக்க வேண்டுமானால் திறந்த மகரந்தச் சேர்க்கை வர்க்கத்தைத் தெரிய வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த அந்தச் சோளத்தைக் கோழிக்குப் போடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். போட வேண்டாம். சோளத்தில் ஏறும் பங்கசுகளில் சில அஃப்ளாடொக்சின், ஃபியூமோனிசின் போன்ற நஞ்சுகளை உண்டாக்கும். கழுவினாலும் வேகவைத்தாலும் அவை போகமாட்டா. எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள்.

நெல் விதைப் பையைப் பற்றிய உங்கள் சந்தேகம் வேறு. எரிபந்தப் பங்கசு விதையோடு வரக்கூடியதுதான். ஆனால் கதிர்க்கழுத்தைத் தாக்கும் வித்திகள் பெரும்பாலும் அந்தப் பருவத்தின் நோயுற்ற இலைகளிலிருந்தும் கிடந்த வைக்கோலிலிருந்தும் காற்றில் வருபவை. நான்கு மாதத்துக்குப் பின் வந்த கழுத்து நோயைக் கொண்டு, விதை பழுது என்று நிறுவுவது மிகக் கடினம். எதிர்க்கும் வர்க்கம் என்று கடைக்காரர் எழுத்தில் உறுதி தந்திருந்தாலோ, பையில் எழுதியிருந்த வர்க்கமும் வயலில் வளர்ந்த வர்க்கமும் வேறாக இருந்தாலோ மட்டுமே உங்கள் முறைப்பாட்டுக்கு வலு உண்டு. விதை வியாபாரத்தை ஒழுங்குபடுத்த 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. இனிமேல் விதை வாங்கும்போது பையின் சான்றட்டையையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கைப்பிடி விதையை உலர்ந்த போத்தலில் அடைத்துத் திகதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அறுவடைக்கு முன்னரே போதனாசிரியருக்கும் விதை அத்தாட்சிப்படுத்தல் சேவைக்கும் அறிவியுங்கள். கதிர் அறுத்த பின் வயலில் காட்ட ஒன்றும் இராது. இந்த முறை அந்தச் சான்றுகள் உங்களிடம் இல்லாததால், வழக்குக்குச் செலவழிக்கும் பணத்தை அடுத்த விதைப்புக்கு வைத்துக்கொள்ளும்படி சொல்வேன்.

வரும் ஐப்பசிக்கு முன்

நோய் கண்ட பாதியின் நெல்லை விதையாக்காதீர்கள், குற்றிச் சாப்பிடலாம். நாற்பது கதிர்களும் நோய்வயலில் நின்றவை என்பதால் அவற்றிலும் பங்கசு ஒட்டியிருக்கலாம். அவற்றைச் சோதனை வரிசைகளுக்கு அப்பால் பெருக்க வேண்டாம். விதைக்கு வைத்திருக்கும் மொட்டைக்கறுப்பனைப் பத்து லீற்றர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கறியுப்பைக் கரைத்து அதில் இட்டு, மிதப்பவற்றை அகற்றி, தாழ்ந்தவற்றை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிக்கொள்ளுங்கள். நோயால் நிறையாத மணிகள் பெரும்பாலும் மிதந்துவிடும். உள்ளே பங்கசு ஊறிய கனமான மணியை இது பிடிக்காது என்பதையும் அறிந்திருங்கள்.

நோய் கண்ட வைக்கோலை வயலிலோ வரம்பிலோ விடாமல், மாட்டுக்குப் போடுங்கள் அல்லது கூட்டெருவாக்கி நன்றாக உக்க விடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் அள்ளி வீசாமல் பிரித்துப் போடுங்கள். பச்சை கறுக்கக் கறுக்க எரிபந்தத்துக்கு அழைப்பு. உமிச்சாம்பலை வயலுக்கு இடுவது நல்லது. அதிலுள்ள சிலிக்கன் இலையின் மேற்றோலை வலுப்படுத்துகிறது. மழை இடைவெளி விட்டு மண் காய்ந்தால் நோய் கூடும் என்பதால், வரம்புகளைக் கட்டி நிற்கும் நீரைக் காத்துக்கொள்ளுங்கள். புதிய வர்க்கத்தை மீண்டும் விதைப்பதானால், கதிர் வெளிவரும் வாரத்துக்கு முன்னதாகவே போதனாசிரியரிடம் பங்கசுநாசினி பற்றிக் கேட்டுவிடுங்கள். கழுத்து கறுத்த பின் அடிக்கும் மருந்தால் அந்தக் கதிரைக் காப்பாற்ற முடியாது.

வயலை இரண்டு பெரும் பாதியாகப் பிரிக்காமல், இரு வர்க்கங்களையும் மாறி மாறிச் சிறு கீற்றுகளாக விதைப்பதையும் எண்ணிப் பாருங்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் எளிதில் நோய் பிடிக்கும் பசைநெல்லை எதிர்ப்புள்ள நெல்லின் வரிசைகளுக்கு இடையே நட்டபோது, பசைநெல்லில் எரிபந்தம் 94 சதவீதம் குறைந்தது என்று 2000ஆம் ஆண்டு அறிவித்தார்கள். அவர்கள் நாற்று நட்டார்கள். நாம் புழுதியில் வீசி விதைப்பவர்கள். அவ்வளவு பலனை எதிர்பார்க்க முடியாது. உங்கள் மொட்டைக்கறுப்பனுக்கு எதிர்ப்பு உண்டென்பதும் இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் கீற்று விதைப்பால் நட்டமில்லை; அறுவடையைத் தனித்தனியே செய்யும் சிரமம் மட்டுமே உண்டு.

மகனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, நாற்பது கதிர்களுக்கும் இப்போதே இலக்கமிடச் சொல்லுங்கள். அவை வயலின் எந்த மூலையில் நின்றன, வரம்போரமா நடுவிலா, யூரியா எப்படி விழுந்த இடம் என்று உங்களுக்கு நினைவிருப்பதை ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே எழுதுவியுங்கள். விதைத்த பின், கதிர் தள்ளிய திகதியையும் அவனே குறிக்கட்டும். தை மாதம் முடிந்ததும் அந்தக் கொப்பியின் பிரதியை எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த வரிசையை வைத்துக்கொள்வது என்பதை நாம் சேர்ந்தே பார்ப்போம்.